ஊருக்கு வருமுன் ஊசி: புலம்பெயர் வன்னி ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா எங்கும் இயங்கிவரும் எங்கள் ஊர்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், பழைய மாணவர் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் கட்டித் தந்த வகுப்பறைகளில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் பணத்தில் கோயில் திருவிழாக்கள் நடக்கின்றன, வெள்ளம் வந்தால் உலருணவு வந்து சேர்கிறது. பணம் சேர்க்கவும் ஆட்களைத் திரட்டவும் உங்கள் சங்கங்களுக்கு இருக்கும் வலிமையை நேரில் கண்டவன் என்பதால், இன்னொரு பொறுப்பையும் உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். ஊருக்கு வரும் உங்கள் உறுப்பினர்கள், தங்கள் உடம்பையும் பிள்ளைகளின் உடம்பையும் ஆயத்தப்படுத்திக்கொண்டு வரும்படி செய்யுங்கள்.

தாய்லாந்துக்கோ கென்யாவுக்கோ சுற்றுலா போவதென்றால் ஆறு வாரம் முன்னதாகவே வைத்தியரிடம் போய் ஊசி போட்டுக்கொள்ளும் குடும்பம், கிளிநொச்சிக்கு வருவதென்றால் பயணப்பெட்டிக்குச் சொக்லேட் வாங்குவதோடு ஆயத்தத்தை முடித்துவிடுகிறது. கேட்டால், "எங்கள் ஊர்தானே, அங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு என்ன வரப்போகிறது" என்கிறார்கள். இந்த எண்ணம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. விடுதியில் தங்கிப் போத்தல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நீங்கள் உறவினர் வீட்டில் தங்குகிறீர்கள், கிணற்றடியில் குளிக்கிறீர்கள், வயலுக்குப் போகிறீர்கள், திருவிழாக் கூட்டத்தில் பந்தியில் இருந்து சாப்பிடுகிறீர்கள். தங்கும் நாட்களும் அதிகம். பயண மருத்துவம் தெரிந்த வைத்தியர்கள், சொந்த ஊருக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்களைத் தனிக் கவனத்துக்குரிய பிரிவாகவே வைத்திருக்கிறார்கள்.

முதலில் மலேரியா. உங்களில் மூத்தவர்கள் வன்னி என்றதும் இன்னமும் முறைக்காய்ச்சலைத்தான் நினைக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களுக்கு வந்த முதல் தலைமுறை, காட்டோடும் யானையோடும் போராடியதைப் போலவே குளிர்நடுக்கத்தோடும் போராடியது. போர்க்காலத்தில் மருந்துத் தட்டுப்பாட்டுக்கு நடுவே குளோரோகுயின் குளிசையை எண்ணி எண்ணிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஆனால் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய மலேரியா கடைசியாகக் கண்டறியப்பட்டது 2012 ஒக்ரோபரில். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்தது. ஆகவே வன்னிக்கு மட்டும் வந்து திரும்பும் ஒருவர் மலேரியாத் தடுப்புக் குளிசை போடத் தேவையில்லை. அந்தப் பணத்தையும் கவனத்தையும், நான் கீழே சொல்லப்போகும் நோய்களுக்குச் செலவிடுங்கள்.

மலேரியாவைப் பற்றிய என் கவலை வேறு. கிருமி போய்விட்டது, நுளம்பு போகவில்லை. மலேரியாவைக் காவும் அனோபிலிஸ் நுளம்பு, வற்றிய ஆற்றுப்படுகைக் குட்டைகளில் இன்றும் முட்டையிடுகிறது. அது போதாதென்று, இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற இன்னொரு வகை 2016இன் முடிவில் மன்னார்த் தீவில் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகக்கூடிய நுளம்பு அது. வெளியே இருந்து ஒருவர் தன் இரத்தத்தில் கிருமியைக் கொண்டுவந்தால், இங்கே அதைப் பரப்ப ஆள் தயாராக நிற்கிறது. 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர் மட்டுமே இருந்தார்கள். நோய் ஒழிந்தது என்று எண்ணித் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா. இதை அறிந்த எந்தச் சுகாதார ஊழியனும் நிம்மதியாகத் தூங்க மாட்டான். 2018இன் இறுதியில் மொனராகலையில், இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அது பரவவில்லை.

உங்களில் பலர் நேராகக் கட்டுநாயக்காவுக்கு வருவதில்லை. வழியில் இந்தியாவில் இறங்கித் தலயாத்திரை போகிறீர்கள், கல்யாணத்துக்குச் சேலை எடுக்கிறீர்கள். சிலர் ஆபிரிக்க நாடுகளில் வேலை செய்துவிட்டு வருகிறீர்கள். முகவர்களை நம்பி மேற்கு ஆபிரிக்கா வரை போய் மாட்டிக்கொண்டு திருப்பி அனுப்பப்பட்ட எங்கள் இளைஞர்களிடமும் மலேரியா கண்டறியப்பட்டதுண்டு. அப்படி வந்தவர்களுக்குக் காய்ச்சல் கண்டால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் தாங்களே முந்திக்கொண்டு, "நான் இன்ன நாட்டில் இருந்து வந்தேன்" என்று சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனை இலவசம். பயணம் முடிந்து சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் சொல்லுங்கள். வைவக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதக் கணக்கில் கழிந்தபின் எழும்பி வரும். முகவரோடு போனதைச் சொன்னால் பொலிஸுக்குப் போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியருக்கு உங்கள் கடவுச்சீட்டில் அக்கறை இல்லை. இங்கிருந்து ஆபிரிக்காவுக்குப் போகும் உறவினருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: மலேரியாத் தடுப்பு இயக்கம் குளிசையை இலவசமாகத் தருகிறது, மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசிக்கான சான்றிதழ் போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும்.

இனி, உண்மையில் இங்கே உங்களுக்குக் காத்திருப்பவை.

தண்ணீரால் வரும் செங்கண்மாரியையும் நெருப்புக்காய்ச்சலையும் (டைபொயிட்) முதலில் சொல்ல வேண்டும். ஈரலழற்சி ஏ கிருமியால் வரும் செங்கண்மாரியை, இங்கே வளர்ந்த பலர் சிறுவயதில் தெரியாமலே கடந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த எதிர்ப்பு நிலைத்திருக்கும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அது கிடையாது. சிறு பிள்ளைக்கு இலேசாக வந்து போகும் இந்த நோய், வளர்ந்தவரை வாரக் கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். 2009இல் செட்டிகுளம் முகாம்களில் செங்கண்மாரி எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தவர்கள் தண்ணீரைப் பற்றி விளையாட்டாகப் பேச மாட்டார்கள். நெருப்புக்காய்ச்சலுக்கு அப்படி நிலைத்திருக்கும் எதிர்ப்பும் இல்லை, ஒருமுறை வந்தவருக்கே திரும்ப வரலாம். இரண்டுக்கும் ஊசி உண்டு. பிரித்தானியாவில் இவ்விரண்டையும் அரசாங்க மருத்துவ சேவையில் இலவசமாகவே போடுகிறார்கள். இலவசமாகக் கிடைப்பதைக்கூடப் போடாமல் வருவது எனக்கு உண்மையில் விளங்கவில்லை. நெருப்புக்காய்ச்சல் ஊசியின் காப்பு மூன்று ஆண்டு வரைதான், அதுவும் முழுக் காப்பல்ல. ஆகவே ஊசி போட்டாலும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். "எங்கள் கிணற்றுத் தண்ணீர் தேன்போல இருக்கும்" என்று பெரியம்மா சொன்னால், அவரது மனம் நோகாமல் அதைக் கொதிக்க வைத்துத் தரச் சொல்லுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்தால் அல்லது சிறுநீர் குறைந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நாய்க்கடி. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் ஒருமுறை, மரநிழலில் படுத்திருந்த குட்டிநாயைத் தடவப் போன சிறுமிக்குக் கணுக்காலுக்கு மேலே பல் பதிந்துவிட்டது. ஐரோப்பாவில் பிறந்த பிள்ளை, ஏழு வயதிருக்கும். இரண்டு சிவந்த புள்ளிகள், ஒன்றில் மட்டும் கடுகளவு இரத்தம். பாட்டி மஞ்சளை எடுக்க ஓடினார், தகப்பன் கைக்குப் பூசும் கிருமிநீக்கியைத் தேடினார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய், துணி தோய்க்கும் சவர்க்காரத்தை நுரைக்க நுரைக்கப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். பிள்ளை அழுதது, சுற்றி நின்றவர்கள் "போதும், விடுங்கோ" என்றார்கள். தகப்பன், "சின்னக் காயம்தானே, அடுத்த கிழமை திரும்பிப் போய்விடுவோம், அங்கே காட்டுகிறோம்" என்றார். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிறகு காப்பாற்ற வழியில்லை என்று சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. அன்று மாலையே வைத்தியசாலையில் ஊசி தொடங்கினார்கள், மிச்சத்தை அங்கே போய்ப் போட்டார்கள். பிள்ளை சுகமாக இருக்கிறது.

விசர்நாய்க்கடிக்கான தடுப்பூசி இங்கே அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். ஆனால் ஆழமான கடிக்கு ஊசியோடு எதிர்ப்புப்புரதமும் (இமியூனோகுளோபுலின்) ஏற்ற வேண்டும், அது எல்லாச் சிறு வைத்தியசாலையிலும் இராது. பயணத்துக்கு முன்னரே ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு வந்தவருக்கு அந்த எதிர்ப்புப்புரதம் தேவைப்படாது. கடித்த பிறகு மேலதிக ஊசி போட்டால் போதும். பயணத்துக்கு முன் அங்கே காசு கொடுத்துப் போட வேண்டிய ஊசிதான். ஆனால் நாயைக் கண்டால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்கும் ஊசி இது. கடித்ததைப் பிள்ளை சொல்லாமல் மறைக்கவும் கூடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

டெங்குக்கு வருகிறேன். 2017இல் இலங்கையில் 1,86,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது, நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆடி ஆவணியில் வன்னி காய்ந்து, சோளகம் வீசும். அப்போது எங்களிடம் நுளம்பு குறைவு, ஆனால் நீங்கள் தங்கிவரும் கொழும்பில் அதிகம். மார்கழி தையில் வருகிறவர்களுக்கு நிலைமை மாறிவிடும். வடகீழ்ப் பருவமழையோடு வடக்கில் டெங்கு ஏறும் காலம் அது. இந்த நுளம்பு பகலில் கடிக்கும், விடிந்த பிறகும் பொழுதுபடு முன்னரும் கூடுதலாகக் கடிக்கும். இரவில் மட்டும் வலைக்குள் படுத்தால் போதாது. நீளக்கை உடுப்பும் டீட் கலந்த நுளம்பு விரட்டிக் களிம்பும் பகலில்தான் வேண்டும்.

டெங்கில் உயிரைக் குடிப்பது காய்ச்சல் அடிக்கிற நாட்களைவிடக் காய்ச்சல் விடுகிற நாட்கள்தான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்ததும் "சுகமாகிவிட்டது" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். அந்த வேளையில்தான் இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசிந்து பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் சில்லிடுதல், தூங்கி விழுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலை. காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் அளவோடு. உங்கள் பயணப்பெட்டிகளில் வரும் இபுபுரோபன், அஸ்பிரின் குளிசைகளை டெங்குக் காலத்தில் தொடவே கூடாது. அவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலில் முனகும் பேத்திக்குத் தன் மூட்டுவலிக் குளிசையில் பாதியை உடைத்துக் கொடுத்த பாட்டியைப் பார்த்திருக்கிறேன். அன்பால் செய்ததுதான், ஆனால் அந்தப் பிள்ளையின் நிலைமை அதனால் சிக்கலானது. இன்னொன்று: முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு வேறு வகை டெங்கு தொற்றினால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். "எனக்கு ஒருமுறை வந்துபோய்விட்டது, இனிப் பயமில்லை" என்பது தலைகீழான கணக்கு. முன்பு வந்தவர்களுக்கென்றே கியூடெங்கா என்ற தடுப்பூசியைப் பிரித்தானியாவில் பரிந்துரைக்கிறார்கள். மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி என்பதால் வெகு முன்னதாகத் தொடங்க வேண்டும்.

வயலில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் எலிக்காய்ச்சலை அறிந்திருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் ஒரு வெடிப்பு இருந்தாலே போதும். 2024 இறுதியில் வந்த வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் சில உயிர்களை அது பறித்தது உங்களுக்கும் செய்தியாக வந்திருக்கும். எங்கள் விவசாயிகளுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் வாரம் ஒருமுறை டொக்சிசைக்கிளின் கொடுக்கிறோம். சேற்றில் இறங்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதிப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வைத்தியரைக் கேளாமல் அதை எடுக்கக்கூடாது. பற்றைக்குள் போய்வந்த பிறகு காய்ச்சலோடு உடம்பில் சிகரெட் சுட்டதைப் போன்ற கறுத்த பொருக்கு ஒன்று தெரிந்தால், அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் பாருங்கள், அங்கேதான் மறைந்திருக்கும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட காணிக்குள் எக்காரணம் கொண்டும் கால் வைக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

வயல்வெளி சூழ்ந்த வீட்டில் ஒரு மாதம் அல்லது அதற்கு மேல் தங்கப் போகிறவர்கள் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றியும் வைத்தியரிடம் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு அதை ஒரு வயதிலேயே போட்டுவிடுகிறோம். உங்கள் நாட்டு அட்டவணையில் அது இல்லை.

நீங்கள் எங்களுக்குக் கொண்டுவரக்கூடியதையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாக இராது. சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. 2023இல் அது திரும்ப வந்தது. கனடாவில் 2025இல் ஆயிரக்கணக்கானோருக்குச் சின்னமுத்து வந்து, அந்த நாடு தன் ஒழிப்புத் தகுதியை இழந்தது. பிரித்தானியாவிலும் அண்மைய ஆண்டுகளில் பரவியிருக்கிறது. அங்கே ஊசியைப் பற்றிய வதந்திகளை நம்பி எங்கள் தமிழ்ப் பெற்றோரும் சிலர் பிள்ளைகளுக்கு எம்எம்ஆர் ஊசி போடாமல் விட்டிருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இங்கே வந்து, ஒன்பது மாதம் நிறையாததால் ஊசிக்கு இன்னும் காலம் வராத கைக்குழந்தையைத்தான் முதலில் கொஞ்சும். பயணத்துக்கு முன் உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எம்எம்ஆர் ஊசி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தையோடு பயணம் செய்வதென்றால், அதற்கு முன்கூட்டியே ஒரு ஊசி போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்புவலி ஊசி போட்டுப் பத்து ஆண்டு கடந்துவிட்டவர்கள் அதையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் பிறஷருக்கும் சலரோகத்துக்கும் போடும் குளிசைகளைக் கைப்பையில் கொண்டுவர வேண்டும், பெட்டியோடு அனுப்பக்கூடாது. இன்சுலின் எடுப்பவர்கள், மின்சாரம் நின்றால் ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் அதை வையுங்கள். ஏ9 வீதியில் தலைக்கவசம் இல்லாமல் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம்.

இவ்வளவும் தனித்தனியாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லி முடியாது, அதனால்தான் சங்கங்களிடம் வந்திருக்கிறேன். ஆடிப் பயணத்துக்குச் சித்திரையிலும், மார்கழிப் பயணத்துக்குப் புரட்டாதியிலும் ஒரு கூட்டம் வையுங்கள். உங்கள் நகரங்களில் தமிழ் வைத்தியர்களும் தாதியரும் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள். யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிக்கு இருபத்தெட்டு நாள் இடைவெளி வேண்டும், நெருப்புக்காய்ச்சல் ஊசி வேலை செய்ய இரண்டு கிழமை வேண்டும். ஆகவே ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னதாக வைத்தியரிடம் போவதுதான் கணக்கு. பிந்திவிட்டதென்று போகாமல் விடவும் வேண்டாம், செங்கண்மாரி ஊசியைப் பயணத்துக்கு முதல் நாள் போட்டாலும் பயன் உண்டு. வைத்தியரிடம் "இலங்கைக்குப் போகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், எந்த மாதம், எத்தனை நாள், வயலோரக் கிராமமா நகரமா, வழியில் எந்த நாடு என்று சொல்லச் சொல்லுங்கள். ஊசியும் குளிசையும் அதைப் பொறுத்தே மாறும். மருந்துப் பெட்டிகள் சேர்த்து அனுப்பும் சங்கங்கள், அனுப்ப முன்னர் வைத்தியசாலையில் என்ன தேவை என்று எழுதிக் கேளுங்கள். திகதி முடிந்த அன்ரிபயோட்டிக் எங்களுக்குச் சுமை.

கூட்டத்தில் கொடுக்க ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் வேண்டுமானால், தமிழில் நானே எழுதி, இப்போது பணியிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரியிடம் சரிபார்த்துத் தருகிறேன். உங்கள் ஊர்ப் பாடசாலை அதிபரிடமோ கிராம அலுவலரிடமோ சொல்லியனுப்பினால் எனக்குத் தகவல் வந்துசேரும்.

அன்புடன்,
ஓய்வுநிலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர்,
கிளிநொச்சி.